புதுப் பெட்டியில் பார்த்த மாப்பிள்ளை

பொடியனுக்குப் பின்னால், அலுமாரித் தட்டில், ஒரு போத்தல் இருந்தது.

மகேந்திரராஜா கதிரையை முன்னுக்கு இழுத்து மடிக்கணினிக்குள் முகத்தைக் கொண்டுபோனார். பழைய கணினிப் பெட்டியில் அது வெறும் கறுப்புப் பொட்டாகத்தான் தெரிந்திருக்கும். இதில் போத்தலில் ஒட்டியிருந்த தாளையே வாசிக்க முடிந்தது.

நல்லெண்ணெய்.

அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

வென்ட்வேர்த்வில் வீட்டின் சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே, வேறொரு நகரத்தில், டண்டினொங்கில் இருக்கும் ஒருவனை மயிர்க்கால் வரைக்கும் பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் இந்தப் புது மொடல் மடிக்கணினியை வாங்கினார். வாங்க முன்னர் இணையத்தில் ஆட்கள் எழுதிய கருத்துகள் எல்லாவற்றையும் வாசித்தார். ஐந்து நட்சத்திரம் போட்டவன் கம்பெனிக்காரன், ஒன்று போட்டவன் போட்டிக் கம்பெனிக்காரன் என்று எல்லாவற்றையும் தள்ளினார். 'திரை இவ்வளவு தெளிவாக இருக்கத் தேவையில்லை, என் வீட்டுத் தூசியெல்லாம் தெரிகிறது' என்று திட்டியிருந்த ஒரு பெண்ணை மட்டும் நம்பினார்.

மனைவி கமலினி ஒரேயொரு தரம் அதன் முன்னால் இருந்தாள். "சனியன், வயசைக் கூட்டிக் காட்டுது" என்று குசினிக்குள் போனவள், பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

அவருடைய சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. மகள் சயந்தினிக்கு வந்த மூன்று சம்பந்தங்கள் தட்டிப்போய்விட்டன. மூன்றிலும் சாதகம் பொருந்தியது. மூன்று பொடியன்களோடும் வீடியோவில் கதைத்தார். மூன்று பேரும் காரணம் சொல்லாமல் பின்வாங்கினார்கள்.

ஆரோ இருந்து குழப்புகிறார்கள். அது தன் சகலன் சிறி என்பவன்தான் என்று முடிவு கட்டி, கோயிலில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

பெரியவர்கள் பிறகு கதைக்கலாம், முதலில் பொடியனைத் தான் தனியப் பார்க்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். சயந்தினி வந்து வணக்கம் சொல்லிவிட்டு அவருடைய கதிரைக்குப் பின்னால் நிற்க வேண்டும். அதுவும் அவர் போட்ட சட்டம்தான்.

பழைய பெட்டியில், தன்னைக் காட்டும் மூலைக் கட்டத்துக்குள் ஒரே புகைமூட்டம். பின்னால் திரைச்சீலை ஆடுவது மட்டும் மங்கலாகத் தெரியும். ஒரு முறை பேச்சை நிறுத்திவிட்டு எழுந்துபோய் யன்னலைச் சாத்திவிட்டும் வந்தார். இன்று அதை முதலிலேயே சாத்தியாயிற்று.

பிரஷாந்தன் என்ற இந்தப் பொடியனில் குறை பிடிக்க ஒன்றும் அகப்படவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான். சவரம் செய்த இடத்தில் ஒரு சின்ன வெட்டு, அவ்வளவுதான்.

ஆனால் கண்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை.

அவரைப் பார்த்துக் கதைத்துக்கொண்டிருப்பான். திடீரென்று பார்வை கொஞ்சம் மேலே போகும். முகத்தில் ஏதோ சங்கடம் வரும். மறுபடி அவரிடம் இறங்கும். ஒரு தரமல்ல, திரும்பத் திரும்ப. பெட்டி பொய் சொல்லவில்லை, கருவிழி அசைவதுகூடத் துல்லியமாகத் தெரிந்தது.

பிடித்துவிட்டேன் என்று நினைத்தார். அறைக்குள் ஒருத்தி நிற்கிறாள். இல்லாவிட்டால் பதில் சொல்லிக் கொடுக்க ஒருவன் நிற்கிறான்.

"தம்பி, உமக்குப் பக்கத்தில ஆரும் நிக்கினமோ?"

"ஐயோ, இல்லை அங்கிள். நான் தனியத்தான்."

சொன்னதோடு நில்லாமல் தன் கணினியைத் தூக்கி அறை முழுவதையும் சுற்றிக் காட்டினான். கட்டில், உடுப்பு மினுக்கும் மேசை, வெறும் கதிரை. ஒருவரும் இல்லை. திரும்ப வந்து இருந்ததும் கண்கள் பழையபடி மேலே போயின.

அப்படியானால் எதைப் பார்க்கிறான்? அவனுக்கு முன்னால் இருப்பது திரை மட்டும்தான். அந்தத் திரையில் இருப்பது நான்.

எனக்கு மேலே?

மகேந்திரராஜா இன்று முதல் முறையாக மூலைக் கட்டத்தைப் பார்த்தார்.

கட்டம் சின்னதுதான், ஆனால் புகைமூட்டம் இல்லை. அவருடைய மொட்டந்தலைக்கு மேலே சயந்தினி இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு நின்றாள். தலை வேண்டாம், வேண்டாம் என்று ஆடியது. உதடுகள் சத்தமில்லாமல் கெஞ்சின. கையில் தடுமாற்றமே இல்லை. பழகிய கை.

திரைச்சீலை ஒரு நாளும் ஆடவில்லை.

முதலில் வந்தது கோபம்தான். திரும்பி ஓர் அறை விடலாம் போல இருந்தது. ஆனால் அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. நாலு பொடியன்களின் பல்லையும் மூக்கையும் துருவித் துருவிப் பார்த்தவர், இந்த முகத்தை எப்போது பார்த்தார்? சம்மதமா என்று கேட்டவர்தான், கேள்விக்குள்ளேயே பதிலையும் வைத்து. பெற்ற தகப்பனிடம் சொல்ல முடியாததை முன்பின் தெரியாத ஒருவனிடம் கும்பிட்டுக் கேட்கிறாள். அவருக்கு வெட்கமாக இருந்தது.

கட்டத்துக்குள் இருந்து சயந்தினியும் அவரைப் பார்த்துவிட்டாள். கூப்பிய கை அப்படியே நின்றது.

அவர் திரும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தம்பி, குறை நினையாதையும். எங்கட பக்கம் சரிவராது."

பிரஷாந்தன் ஏன் என்று கேட்கவில்லை. கடைசியாக ஒரு தரம் அவருடைய தோளுக்கு மேலே பார்த்து, மெல்லத் தலையசைத்துவிட்டு மறைந்தான்.

சரிவராது என்ற சொல் குசினிக்குள் கேட்டுவிட்டது. பொரியல் கரண்டியோடு கமலினி வாசலுக்கு வந்தாள்.

"என்னப்பா, இந்த முறையுமோ? ஆர் குழப்பினதெண்டாவது பிடிச்சியளோ?"

பின்னால் மகள் அவருடைய கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓம்," என்றார் மகேந்திரராஜா. "நான்தான்."

பிறகு பக்கத்துக் கதிரையை இழுத்து, சயந்தினியை இருக்கச் சொன்னார்.