பலகையில் வரைந்த ஜன்னல்

பலகையின் இடுக்கில் கடப்பாரையைக் கொடுத்து முதல் ஆணியை நெம்பியிருப்பேன், அதற்குள் அந்த ஆள் சைக்கிளை ரோட்டிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"கை வைக்காதீங்க! அந்தப் பலகைல கை வைக்காதீங்க!"

விட்டேக்கர். நகராட்சியில் பழைய வீடுகளைக் காக்கிற குழுவின் ஆள். அவனைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் தச்சன். இந்த வீட்டு ஜன்னல்களோடு ஐந்து மாதமாக மாரடிக்கிறேன். பிளாஸ்டிக் சட்டம் என்றால் ஒரே வாரத்தில் முடித்திருப்பேன். கூடவே கூடாது என்றது குழு. நூற்றுப்பத்து வருடத்து வீடாம். பழைய போட்டோவில் உள்ளபடி மரச்சட்டம், கயிறும் இரும்புக் குண்டும் வைத்து மேலே தூக்கித் திறக்கிற ஜன்னல்தான் வேண்டுமாம்.

செய்தேன். குறுக்குச் சட்டம் கால் அங்குலம் தடிமன் கூடுதல் என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி இழைத்தேன்.

வீடு வெர்னெலுடையது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஆலை மூடிய பிறகு எங்கள் தெருவில் பாதி வீடுகள் காலி. அவற்றை எங்களைப் போன்ற சின்னச் சம்பளக்காரர்களுக்கு மலிவாகக் கொடுத்தது நகராட்சி. ஒன்றரை வருடத்துக்குள் பழையபடி சீராக்கிக் குடியேற வேண்டும். தவறினால் வீடு நகராட்சிக்கே திரும்பிவிடும்.

கெடு வெள்ளிக்கிழமை. இன்று புதன். ஜன்னலில் கண்ணாடி இல்லாமல் குடியேற அனுமதி கிடையாது.

ஆறு வீடுகள் காட்டினார்கள் அவளுக்கு. கூரை ஒழுகாத வீடுகளும் அதில் இருந்தன. இதைத்தான் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். புத்தி கெட்டுப்போச்சா உனக்கு என்று நானே திட்டியிருக்கிறேன்.

"என்னய்யா இப்ப உன் பிரச்சினை?" என்றேன் விட்டேக்கரிடம்.

அவன் பலகையைக் காட்டினான்.

காலி வீட்டு ஜன்னல்களைப் பலகை அடித்து மூடிவிடுவார்கள். தெரு பாழடைந்து தெரியக் கூடாது என்று முன்பொரு கோடையில் பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, பலகைகளின் மேல் ஜன்னல் படம் வரைய வைத்தார்கள். அடுத்த வீட்டில் பூனை. அதற்கடுத்த வீட்டில் பூத்தொட்டி. இங்கே முன்னறைப் பலகையில் மஞ்சள் திரை, அதில் சிவப்புச் செர்ரிப் பழங்கள்.

"இருபது வருஷம் தாண்டின படங்களை எல்லாம் போன மாசம்தான் பாதுகாப்புப் பட்டியல்ல சேர்த்தோம், சார். வரைஞ்சவங்க கையெழுத்துப் போட்டா எடுக்கலாம். இல்லேன்னா மூணு மாசம் நோட்டீஸ் ஒட்டி வைக்கணும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கடப்பாரையைத் தரையில் எறிந்தேன்.

"ஏன்யா, நிஜ ஜன்னல் மாட்டு மாட்டுன்னு அஞ்சு மாசமா உயிரை வாங்கினது நீங்கதானே? இப்ப பொய் ஜன்னலைத் தொடக் கூடாதுங்கிறே. நான் செஞ்சதை எங்க மாட்டுறது? உன் தலைலயா?"

"நான் என்ன சார் பண்றது. வரைஞ்சது யாருன்னும் எங்க பதிவுல இல்ல."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் அவர்கள்தான், பூசாரியும் அவர்கள்தான். ஒரு பெண் ஒன்றரை வருடம் விடுமுறை எடுக்காமல், ஞாயிற்றுக்கிழமைகூடச் சுண்ணாம்பு சுரண்டிக்கொண்டு கிடந்தாள். எல்லாம் ஒரு ஒட்டுப்பலகைக்காகப் போகப்போகிறது. வாய்விட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தியும்விட்டேன். எதிர்வீட்டு நாய் குரைத்ததுதான் மிச்சம்.

"டெல்ராய் அண்ணே, விடுங்க."

வெர்னெல். காலை டிரிப்பை முடித்துவிட்டு பஸ் சாவியோடு படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ.

விட்டேக்கரிடம் படிவத்தை வாங்கினாள். முட்டியில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"மேடம், வீட்டுக்காரங்க கையெழுத்து இல்ல. வரைஞ்சவங்க கையெழுத்து."

"வரைஞ்சது நான்தான். பத்து வயசுல."

நான் அவளையே பார்த்தேன். பொய் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். நல்ல பொய், பிடித்துக்கொள் என்றும் நினைத்தேன்.

விட்டேக்கரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். பலகையை உற்றுப் பார்த்தான். "அப்படின்னா இதைச் சொல்லுங்க. திரை ஏன் ஒரு பக்கம் மட்டும் குட்டையா இருக்கு?"

இத்தனை மாதம் தினமும் பார்த்த பலகை. நான் அதைக் கவனித்ததே இல்லை.

"ஹீட்டர்ல பட்டு அந்த ஓரம் கருகிடுச்சு. எங்கம்மா அதை வெட்டி மடிச்சுத் தைச்சாங்க."

"எந்த ஹீட்டர்? காலி வீடுதானே இது?"

"காலி பண்ண வெச்ச வீடு." குரல் உயரவே இல்லை. "வீட்டு ஓனர் கைவிட்டுட்டான், கட்டடம் இனி ஆபத்துன்னு சொல்லி ஒரு திங்கட்கிழமை எங்களை வெளிய நிறுத்தினாங்க. திரையைக் கழட்டக்கூட விடல. மறுநாள் பலகை அடிச்சாங்க. அடுத்த வாரம் ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்து, என் கையில பிரஷ்ஷைக் குடுத்து, உள்ள ஆள் இருக்கிற மாதிரி வரை பாப்பான்னாங்க."

விட்டேக்கர் படிவத்தை வாங்கினான். அவள் பெயருக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தான்.