ஓடைக்கரைத் தெருவுக்கு வந்த வண்டி

பூங்கா வீதி நடைபாதையில் பதித்து எட்டே மாதமான சிவப்புக் கல்லை ஒருநாள் கடப்பாரையால் பெயர்த்தார்கள். அதன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. காண்டிராக்டர் லாரி அதை மற்ற கற்களோடு அள்ளிப்போய் ஓடைக்கரைத் தெருவின் முனையில் கொட்டிவிட்டுப் போனது.

அங்கே சாக்கடைத் தண்ணீரோடு கிடந்த பள்ளம், "யாரு தம்பி நீ, புத்தம் புதுசா இருக்கியே?" என்றது.

"நடைபாதைக் கல்லுண்ணே. அங்க எனக்கு முன்னாலயே மூணு தடவை மாத்திட்டாங்க. இப்ப பச்சைக் கல்லு போடுறாங்களாம். ஆமா, உங்க தெருவுல நடைபாதை எங்கே?"

"நடைபாதையா? எங்களுக்கு இன்னும் பாதையே வரலையே!"

கல்லுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அன்று மாலை அந்தத் தெருவில் குடியிருக்கும் மரகதம் கல்லை எடுத்துக் கழுவி, பள்ளத்தை ஒட்டிய தன் வீட்டு வாசல் சேற்றில் போட்டாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அதில் கால் வைத்துத் தாண்டினார்கள். கல்லுக்குப் பெருமை பிடிபடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மாநகராட்சி வண்டி ஒன்று வந்து நின்றது.

"பாத்தீங்களாண்ணே, ரோடு போட வந்துட்டாங்க!" என்று கல் கூவியது.

இறங்கிய அதிகாரி, பேன்ட்டில் சேறு படாமல் அந்தக் கல்லின்மேலேயே ஏறி நின்றுகொண்டார். "யாரும்மா இது, தெருவை ஆக்கிரமிச்சுக் கல்லு போட்டது? பேத்தெடுங்கப்பா!" என்றார்.

மறுபடியும் கல்லின்மேல் கடப்பாரை விழுந்தது. பள்ளம் சொன்னது.

"நான் விழுந்து பதினெட்டு வருஷமாச்சு தம்பி. அவங்க வண்டி இந்தத் தெருவுக்குள்ள வர்றதை இன்னைக்குத்தான் பாக்குறேன்."