உள்ளங்கை அளவு

இதை ஒழுங்காகச் சொல்வேனா என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு வார்த்தை மாறிப்போனாலும் அந்தப் பிள்ளை மேல் பழி வந்துவிடும். நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

முக்கூடல் பஜாரில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். பிளஸ் டூ பரீட்சை நெருங்கிவிட்டால் கடையில் நிற்க இடம் இருக்காது. நன்றாகப் படிக்கிற பிள்ளையின் நோட்ஸை வாங்கிக்கொண்டு மற்ற பிள்ளைகள் எல்லாம் வந்து நிற்கும்.

போன வாரம் முத்துராணி வந்தாள். எங்கள் அடுத்த தெரு மாரிக்கண்ணுவின் மகள். வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் என்று கை நிறையத் தாள். எல்லாம் அவளே எழுதியது.

முதல் தாளை மிஷினில் வைத்து மூடினேன்.

"அக்கா, சின்னதா எடுங்க."

"எவ்வளவு சின்னதா?"

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

முந்தின நாள்தான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து எச்சரித்துவிட்டுப் போயிருந்தார்கள். பிட் அடிக்கத் தோதாகச் சின்னதாக்கிக் கொடுத்தால் கடைக்குப் பூட்டு விழுமாம்.

"ஏட்டி, பிட்டுக்கா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

"பொறவு எதுக்கு?"

பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். திருட்டு முழி என்று நினைத்தேன்.

பீடிக் கடை ஏஜெண்டு தேவேந்திரன் ஆதார் கார்டை நகல் எடுக்க நின்றுகொண்டிருந்தார். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஒரு பாடம் விடாம கொண்டாந்திருக்காளே! அம்புட்டையும் எங்கன ஒளிப்ப பிள்ள, ஜடைக்குள்ளயா?"

கடையே சிரித்தது. நான் மட்டும் சும்மா இருப்பேனா?

"ஒங்கம்மை பாடுபட்டுப் படிக்க வைக்கா, நீ இந்தச் சோலியா பாக்க? போட்டி அங்கிட்டு!"

தாள்களை அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போன பிறகு மிஷினைத் திறந்தால் முதல் தாள் உள்ளேயே கிடக்கிறது. தலைப்புக்குச் சிவப்பு மை, கீழே முத்து முத்தான எழுத்து. இப்படி எழுதத் தெரிந்தவளுக்குப் பிட் எதற்கு? சாயங்காலம் வரைக்கும் மனசு அரித்தது. வீட்டுக்குப் போகிற வழியில் கொடுத்துவிடலாம் என்று போனேன்.

கதவு சாத்தியிருந்தது. தட்டினதும் உள்ளே எதையோ அவசரமாக இழுக்கிற சத்தம்.

"நாந்தான், ஜெராக்ஸ் கடை சாரம்மா."

மாரிக்கண்ணு கதவைப் பாதி திறந்து, என் பின்னால் யாரும் இல்லை என்று பார்த்த பிறகுதான் உள்ளே விட்டாள். முத்துராணி கட்டிலுக்கடியிலிருந்து பீடித் தட்டை வெளியே இழுத்து மடியில் வைத்தாள். தட்டில் வெட்டிய இலை, தூள். விளிம்பில் துணி கிளிப் போட்டு ஒரு துண்டுத் தாள் மாட்டியிருந்தது. அதில் பொடிப்பொடியாகக் கையால் எழுதிய பொருளியல் பாடம்.

விரல் பீடி சுற்றியது. கண் பாடத்தில் இருந்தது. உதடு முணுமுணுத்தது.

"எனக்கு வலது கை விரலு மடங்கவே மாட்டக்கு அக்கா" என்றாள் மாரிக்கண்ணு. "பீடிக் கடை பாஸ்புக் என் பேருல கெடக்கு. இவதான் சுத்துதான்னு ஏஜெண்டுக்குத் தெரிஞ்சா பேரை வெட்டிருவாவ. இவளுக்கு இன்னும் பதினெட்டு வயசு ஆகல்ல. பீடியக் கொண்டு போடாட்டா அடுப்பு எப்படி எரியும்?"

"நோட்டு தட்டுல நிக்காதுக்கா. புரட்டுததுக்கும் கை வேணும்லா" என்றாள் முத்துராணி. "இப்படி எழுதி எழுதி மாட்டுதேன். எல்லாப் பாடத்தையும் எழுதி முடிக்க நேரம் இல்ல. அதான் கடைக்கு வந்தேன்."

"அங்கனயே சொல்லியிருக்கலாம்லாட்டி?"

"ஏஜெண்டு நின்னாரேக்கா."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"நாளைக்குக் கொண்டா. அம்புட்டையும் நானே சின்னதா எடுத்துத் தாரேன்" என்றேன்.

மாரிக்கண்ணு அந்த விளங்காத கையை என் கைமேல் வைத்தாள்.

மறுநாள் நான் கடை திறக்கும்போதே முதலாளி பீர் முகம்மது வந்து உட்கார்ந்துவிட்டார்.

"சாரம்மா, பக்கத்து ஊர்ல ஒரு கடையப் பூட்டிட்டாவளாம். சின்னத் தாள் ஒண்ணு இங்கேருந்து வெளிய போச்சுன்னா, பொறவு நீ வேலைக்கு வராண்டாம்."

அவரிடம் விஷயத்தைச் சொல்லிப் பார்த்திருக்கலாம். ஆனால் அவரும் ஏஜெண்டும் ஒன்றாக டீ குடிக்கிறவர்கள். பிள்ளையின் ரகசியம் வெளியே போய்விடுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். நான் நினைத்தது என் வேலையை மட்டும்தான்.

முத்துராணி வந்தாள். தாள்களை வரிசையாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள்.

முதலாளி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"மிஷின் ரிப்பேரு பிள்ள" என்றேன்.

அவள் என் தோளுக்கு மேலே ஒரு தடவை பார்த்தாள். "சரிக்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

என் முதுகுக்குப் பின்னால் மிஷின் வேறு யாருடைய நோட்ஸையோ கடகடவென்று எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தது.