பதினோரு விநாடி

ஆய்வாளர் என் தலைமாட்டில் தொங்கிய அழைப்பு மணியை அழுத்திவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பணிப்பெண் வந்து நின்றாள். மூச்சு வாங்கவில்லை. கதவுக்கு வெளியேதான் பத்து வரை எண்ணிக்கொண்டு காத்திருந்தாள்.

“பதினோரு விநாடி,” என்றார் ஆய்வாளர், ஏதோ தானே ஓடிவந்து ஜெயித்த மாதிரி.

“எங்க சராசரி ஒன்பது சார். இன்னிக்குத் தரையைத் துடைச்சிருக்கோம், அதான் பாத்து வந்திருக்கா,” என்றார் நிர்வாகி. தலையைச் சொறிந்துகொண்டே பெருமையடிக்கும் வித்தை அவருக்குக் கைவந்தது.

மணியில் ஒரு கோளாறும் இல்லை. எனக்குத்தான் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது.

இந்த மாடியில் இருபது கட்டில். இருபது பேருக்கும் கை வராது. அப்படிப்பட்டவர்களுக்கான சிறப்பு இல்லம் என்று பெயர்ப்பலகையே சொல்கிறது. இருபது தலைமாட்டிலும் ஆளுக்கொரு மணி, பளபளவென்று.

பக்கவாதம் வந்த அன்றே எனக்குப் பேச்சும் போயிற்று. இமைக்க முடியும். காது மட்டும் வேண்டாத அளவுக்குக் கேட்கும். வலியும் தெரியும். அசையாதவளுக்கு வலிக்காது என்று இவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள்.

நேற்று மாலையிலிருந்து மல்லாந்தே கிடக்கிறேன். முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். அது வந்து மூன்று வாரம் ஆகிறது.

எனக்கு ஒரே ஒரு காரியம் நடக்க வேண்டும். இந்த மனிதர் போர்வையைத் தூக்கி, என்னை ஒரு பக்கம் சாய்த்துப் பார்க்க வேண்டும். இவரை விட்டால் அடுத்த ஆய்வு அடுத்த வருஷம். புண் அதுவரை பொறுமையாக இருக்காது.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்னைப் புரட்டிவிட்டதற்கான அட்டவணை அங்கே தொங்கியது. இடது, வலது, மல்லாக்க. எல்லாம் ஒரே பேனா, ஒரே கை. இப்போது காலை பத்து மணி. அட்டவணைப்படி பகல் பன்னிரண்டு மணிக்கும் என்னைப் புரட்டியாகிவிட்டது.

“எழுத்து முத்து முத்தா இருக்கு,” என்று சிலாகித்து ஒரு டிக் போட்டார்.

தாளில் முப்பத்துநான்கு கேள்விகள். அடுத்தது முப்பத்திரண்டாவது.

“பேச முடியாத நோயாளிக்கு என்ன வசதி வச்சிருக்கீங்க?”

நிர்வாகி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அலமாரியைத் திறந்தார். உள்ளே எழுத்துப் பலகை. யாராவது ஒவ்வோர் எழுத்தாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தால், எனக்கு வேண்டிய எழுத்தில் நான் இமைப்பேன். வாங்கியபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை.

ஆய்வாளர் உறையின் மேலேயே தடவிப் பார்த்தார். “ஒரு கீறல் இல்லையே.”

“வெளிய வச்சா அழுக்காயிடும் சார்.”

அதற்கும் ஒரு டிக். பலகை மறுபடி அலமாரிக்குள் போயிற்று.

எனக்கு முழுப் பலகை வேண்டாம். இரண்டே எழுத்து. பு. ண்.

இமைத்தேன். விடாமல் இமைத்தேன். கண்ணில் நீர் கோத்து, காதோரம் வழிந்தது.

“உங்களப் பாத்ததும் அம்மாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு சார்,” என்றார் நிர்வாகி.

ஆய்வாளர் நெகிழ்ந்துபோனார். நெகிழ்ந்த கையோடு ‘மனநலம்’ என்ற கட்டத்தையும் நிரப்பினார்.

பணிப்பெண் என்னைப் பார்த்தாள், பிறகு என் இடுப்பைப் பார்த்தாள். புண்ணுக்குத் துணி மாற்றுகிறவள் அவள்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, “சார், அவங்களுக்குக் கீழ...” என்று ஆரம்பித்தாள்.

“நீ போய் அடுத்த ரூம் வாசல்ல நில்லும்மா,” என்றார் நிர்வாகி, தேனாக.

போய்விட்டாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். இந்த ஒரு சம்பளம்தான். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. மிச்சமிருக்கும் கோபம் இந்தக் கட்டிடத்தையே எரிக்கும். அதை வைத்துக்கொண்டு என்னால் ஒரு விரலைக்கூடத் தூக்க முடியவில்லை.

அப்போது ஆய்வாளர் கட்டிலருகே வந்தார். குனிந்து, போர்வையின் ஓரத்தைப் பிடித்தார்.

தூக்கு. தூக்கு, மகராசா.

ஓரத்தை இழுத்து, இருந்த ஒரே சுருக்கத்தை நீவிவிட்டு, மெத்தைக்கடியில் அழகாகச் செருகினார். விரிப்பில் சுருக்கமில்லை. முப்பத்துநான்காவது கேள்வி முடிந்தது.

“பிரமாதம். முழு மதிப்பெண். நீங்க முன்னால போங்க, வரேன்,” என்றார். நிர்வாகி, முகமெல்லாம் பல்லாக, அடுத்த அறைக்கு நடந்தார்.

ஆய்வாளர் வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு பேனாவைச் சட்டைப்பையில் செருகி, கைகட்டிக்கொண்டு, என் காதருகே குனிந்தார். குரலில் பழைய பவ்யம்.

“மேடம், என்னைத் தெரியுதா? ஏழு வருஷம் உங்க பின்னால ஃபைல் தூக்கிட்டு வந்தவன். நீங்க தயாரிச்ச கேள்வித்தாள்தான் மேடம் இன்னும், ஒரு கேள்வி மாத்தலை. கீழ வரவேற்பறையில மாட்டியிருக்கற முதல் தரச் சான்றிதழ்ல கூட உங்க கையெழுத்துதான்.”

தெரியும்.

ஆறு மாதத்துக்கு முன்னால் என்னை இங்கே கொண்டுவந்த அன்று, என் மகள் அந்தச் சான்றிதழின் முன்னால் நின்று வரி விடாமல் படித்தாள். அடியில் என் பெயரைப் பார்த்த பிறகுதான், காரிலிருந்து பெட்டியை இறக்கச் சொன்னாள்.