எதிலிருந்து ஆரம்பிப்பது?

“பாட்டைத் தள்ளி விடு தாயி. நேரா கதைக்குப் போ.”

கட்டிலில் தலையணையில் சாய்ந்தபடி உத்தரவு போட்டார் தர்மராஜ். லேப்டாப்பில் அப்போதுதான் ஆரம்பப் பாட்டு தொடங்கியிருந்தது. ஒவ்வொரு எபிசோடுக்கும் அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் கதைக்குள் போகிற பழக்கம் அவர் மகள் உமாமகேஸ்வரிக்கு. பெற்ற அப்பா என்றுகூடப் பார்க்காமல் முறைத்தாள்.

“பாட்டைத் தள்ளி விட்டா சாமி குத்தம் அய்யா.”

“சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ தள்ளு.”

ராட்சத ரோபோக்கள் மோதிக்கொள்கிற ஜப்பான் கார்ட்டூன் தொடர் அது. நாற்பது வருடத்துக்கும் மேலாக எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து உமாவுக்கு அதுதான் பைத்தியம். ‘பொம்மைப் படம்’ என்று இத்தனை காலம் கேலி செய்த மனிதர், போன வாரம் தானாகவே, “எனக்கும் போட்டு விடு, அப்பிடி என்னதான் இருக்குன்னு பாப்போம்” என்று கேட்டார்.

இந்தத் தொடரை எதிலிருந்து ஆரம்பிப்பது என்பதில் ரசிகர்களுக்குள் ஓயாத சண்டை. பழசிலிருந்து வரிசையாகப் பார் என்பார்கள் சிலர். தனிக் கதையாக நிற்கிற சின்னத் தொடர் ஒன்றைப் பார், பிடித்தால் மேலே போ என்பார்கள் மற்றவர்கள். புதிதாக வருகிறவர்களுக்கு உமா எப்போதும் சின்னதைத்தான் கைகாட்டுவாள். அய்யாவுக்கு மட்டும் இருப்பதிலேயே நீளமான வழியைத் தேர்ந்தெடுத்தாள்.

காரணம் இருந்தது. மதுரையில் டாக்டர் அவளையும் அம்மா நாகலெட்சுமியையும் மட்டும் அறைக்கு வெளியே கூப்பிட்டு, தை பிறக்கும்வரை தாங்கினால் பெரிது என்று சொல்லியிருந்தார். வயிற்றுப் புண்தான், மாத்திரையில் சரியாகிவிடும் என்று தர்மராஜிடம் சொல்லி வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். சென்னை வேலைக்கு நீண்ட லீவு போட்டுவிட்டு, ஆபீசிலேயே வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள் என்று உமா தன் பங்குக்கு ஒரு பொய்யைச் சேர்த்துக்கொண்டாள்.

“அவரு காதுல மட்டும் விழுந்துறக் கூடாதுடி. தெரிஞ்சா அன்னைக்கே ஒடஞ்சு போயிருவாரு” என்று ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள் நாகலெட்சுமி. மகளின் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

கண்மாய் வெட்ட ஜேசிபியோடு இறங்கினால், பாதியில் விட்டுவிட்டு ஏறுகிற ஆள் இல்லை தர்மராஜ். கதையும் நீளமாக இருந்தால் முடிக்காமல் போக மாட்டார் என்று உமாவின் மனசு ஒரு கணக்குப் போட்டது. படித்த பெண் போடுகிற கணக்கா அது? அப்பனைப் பறிகொடுக்கப் போகிறவளுக்குப் படிப்பாவது ஒன்றாவது.

திரையில் ஒரு பையன் ரோபோவின் நெஞ்சுக்குள் ஏறி உட்கார்ந்தான்.

“ஏந்தாயி, உள்ள ஆளு உக்காந்துதான் ஓட்டணுமா? அப்ப நம்ம ஜேசிபி மாதிரிதான். போயும் போயும் இந்தச் சின்னப் பயகிட்டயா குடுத்தாய்ங்க? லிவரை இந்த இழுப்பு இழுத்தா ஹோஸு பிச்சுக்கிராதா?”

உமா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்போடு வந்த கண்ணீரைத் துடைத்துக்கொள்ள நல்ல சாக்கும் கிடைத்தது.

உச்சிப்புளி கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர் ஒன்று வீட்டுக்கு மேலே தாழப் பறந்தது. வசனம் கேட்காது என்று உமா படத்தை நிறுத்தினாள். “அது பாட்டுக்குப் போகட்டும், நீ ஓட விடு. எழுத்துத்தான் கீழ வருதுல்ல, படிச்சுச் சொல்லு” என்று அவசரப்படுத்தினார் தர்மராஜ்.

நாகலெட்சுமி கஞ்சியோடு வந்தாள்.

“வயசான காலத்துல பொம்மைப் படம் கேக்குதாக்கும்?”

“தை பொறந்தா வண்டியில ஏறணும்ல? அப்புறம் இதெல்லாம் பாக்க நேரம் ஏது?”

“நல்லா ஏறுவீக, யாரு வேணாம்னா?” என்று நாகலெட்சுமியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் நிற்காது என்று அவளுக்கே தெரியும். கஞ்சியைக் கையில் கொடுத்துவிட்டு, “ரோட்டுக் கடையில இளநி வாங்கிட்டு வாரேன்” என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியேறினாள்.

அவள் வாசல் கேட்டைச் சாத்தும்வரை தர்மராஜ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மகள் பக்கம் திரும்பினார்.

“இன்னும் எம்புட்டு இருக்கு தாயி?”

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள்போல உமா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“இப்பத்தான அய்யா ஆரம்பிச்சிருக்கோம்! இது முடியணும், அப்புறம் ரெண்டாவது, மூணாவதுன்னு வரிசையா இருக்கு. நடுவுல சினிமா வேற. தெனமும் உக்காந்து பாத்தாலும் அடுத்த ஆடி தாண்டிரும். நமக்கென்ன அவசரம், மெதுவாப் பாப்போம்.”

குரல் கொஞ்சம்கூட உடையவில்லை. பொய் இவ்வளவு சரளமாக வருகிறதே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. பரவாயில்லை, அய்யாவுக்குத் தெரியாமல் இருந்தால் போதும்.

தர்மராஜ் கஞ்சியைப் பக்கத்தில் வைத்தார். கை நீட்டி, படத்தை அவரே நிறுத்தினார்.

“உங்கம்மா வாரதுக்குள்ள முடிவைச் சொல்லிரு தாயி.”