மரியப்பனுக்கு ஒரு மெழுகுவர்த்தி

“அந்தா... அவுக இருமுறாக” என்றாள் இன்பமேரி.

பக்கத்தில் நின்ற சவேரியம்மாள் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். கல்லறைத் தோட்டத்தில் நின்றுகொண்டு, செத்துப்போன புருஷன் இருமுகிறார் என்று ஒருத்தி சொன்னால் யாருக்குத்தான் பயமாக இருக்காது? அதுவும் கல்லறைத் திருநாள் அன்று, கப்பலில் மூன்று நாள் தள்ளியிருக்கும் அந்தமானில்.

“கூட்டத்துல யாராச்சும் இருமியிருப்பாக மதினி. கடக்காத்து ஒத்துக்காம எனக்கே தொண்ட கட்டிக் கெடக்கு.”

“மூணு இருமலு, பெறகு ஒரு செருமலு. இருவத்தொம்பது வருசமா கனவுல கேக்குறேன், எனக்குத் தெரியாதா?”

காரைக்குடிப் பக்கம் கல்லலிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் பணி ஓய்வு பெற்ற பதினொரு ஆசிரியர்கள் சுற்றுலா வந்திருந்தார்கள். பத்துப் பேர் கடலில் குளித்தார்கள், சங்கு வாங்கினார்கள், டின் டின்னாகக் கொண்டுவந்த சீடையைக் கப்பலிலேயே தீர்த்துவிட்டு ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்கினார்கள். இன்பமேரி மட்டும் கடலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கணவர் மரியப்பனின் கல்லறையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றத்தான் அவள் வந்திருந்தாள்.

மரக் கம்பெனி வேலைக்கென்று இந்தத் தீவுக்குக் கப்பலேறிய மரியப்பன், மூன்று வருடம் ஒழுங்காகக் கடிதம் போட்டார். 1966-இல் வந்த கடைசிக் கடிதத்தை எழுதியது அவர் இல்லை, கூட வேலை பார்த்த யாரோ ஒருவர். விஷக் காய்ச்சலில் மரியப்பன் போய்விட்டார், இங்கேயே அடக்கம் செய்துவிட்டோம் என்று நாலே வரி. முப்பது வயதில் வெள்ளைப் புடவை கட்டிய இன்பமேரி, அதன்பிறகு வேறு நிறம் கட்டவில்லை.

அன்று முதல் மரியப்பன் கனவில் வர ஆரம்பித்தார். நனைந்த சட்டையோடு வாசலில் நிற்பார், இருமுவார், உள்ளே மட்டும் வரமாட்டார். கல்லல் கோயிலில் வருடம் தவறாமல் பூசை வைத்தும் அவர் வருவது நிற்கவில்லை. அவர் அடங்கிய மண்ணிலேயே ஒரு பூசை வைத்தால்தான் ஆன்மா அடங்கும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் பயந்து பயந்து அலுத்துப் போயிருந்தாள். இனிமேலாவது அவர் நிம்மதியாக இருக்க வேண்டும், அவளும் நிம்மதியாகத் தூங்க வேண்டும்.

சுற்றுலாவுக்குப் பொறுப்பாளரான இமானுவேல் வாத்தியார் வேர்க்க விறுவிறுக்க வந்தார். கோயிலின் பங்கு அலுவலகத்தில் அடக்கப் பதிவேட்டைப் பார்த்துவரப் போனவர் அவர்.

“அறுவத்தஞ்சுலருந்து எழுவது வரைக்கும் பொரட்டிட்டேன் தங்கச்சி. மரியப்பன்னு ஒரு பேரும் இல்ல. இந்தத் தீவுல நம்ம ஆளுகள அடக்குறதுக்கு இது ஒண்ணுதான் எடமாம்.”

இன்பமேரியின் முகம் வெளிறியது. “அப்ப சாமியார் மந்திரிக்காம, சிலுவை நடாம, காட்டுல எங்குட்டோ பொதச்சிருக்காக. அதேன் இப்படி அலையிறாக.”

“சும்மா இருங்க மதினி, நீங்க வேற!” சவேரியம்மாள் வாத்தியாரை ஒட்டி நின்றுகொண்டாள்.

“சரி, பேரு எழுதிப் போட்டியா?” என்றார் வாத்தியார்.

“காலையிலயே போட்டுட்டேன் வாத்தியாரே.”

அங்கும் நம் ஊர் வழக்கம்தான். இறந்தவர் பெயரையும் பூசை கேட்பவர் பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். பூசைக்கு முன்னால், சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார்.

அந்தத் தீவில் ஐந்தரை மணிக்கே இருட்டிவிட்டது. கல்லறை தெரியாதவர்களுக்காக இருந்த பெரிய சிலுவையின் அடியில், காரைக்குடியில் வாங்கிவந்த மெழுகுவர்த்தியை இன்பமேரி ஏற்றினாள். கப்பல் வெக்கையில் அது கூன் விழுந்திருந்தது. ஆண்கள் ஒருபக்கமும் பெண்கள் ஒருபக்கமுமாகக் கூட்டம் முழங்காலிட்டது.

டார்ச் வெளிச்சத்தில் உபதேசியார் வாசிக்கத் தொடங்கினார். பத்துப் பதினைந்து பெயர்களுக்குப் பிறகு அது வந்தது.

“கல்லல் மரியப்பனின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, மனைவி இன்பமேரி.”

ஆண்கள் பக்கம் யாரோ மெழுகுவர்த்தியைத் தவறவிட்டார்கள் போல, சின்னச் சலசலப்பு எழுந்து அடங்கியது. இன்பமேரி எதையும் கவனிக்கவில்லை. கண்ணை மூடி அழுதுகொண்டிருந்தாள். இருபத்தொன்பது வருடப் பாரம் நெஞ்சிலிருந்து இறங்கியது.

“இனிமே வரமாட்டாக” என்று சவேரியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். “போயிட்டாக.”

இன்னும் நாலைந்து பெயர்கள் போயின. உபதேசியார் அடுத்த சீட்டைப் பிரித்ததுமே, “இது நம்ம கோயில் பங்குக்காரர் ஒருத்தர் வருசா வருசம் போடுறது” என்று பக்கத்திலிருந்த சாமியாரிடம் சொல்லிவிட்டு வாயைத் திறந்தவர், ஏனோ தயங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு வாசித்தார்.

“கல்லல் இன்பமேரியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, கணவர் மரியப்பன்.”