பெண் பார்த்த வயிறு

பெண் பார்க்க வந்த அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர், வெள்ளவத்தைச் சைவ வீட்டில் மூன்றாவது தோசையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

"இரைப்பை முறுக்கி மண்ணீரலையும் இழுத்திட்டுது. வெட்டிச் சரிப்படுத்தினம். ஆள் தப்பிட்டார்," என்றார் டாக்குத்தர்.

"வேண்டாமெண்ட பிள்ளைக்கு நாந்தான் திணிச்சனான்!" என்று பெண்ணின் தாய் பாலேஸ்வரி தலையிலடித்தாள்.

"தோசையில பிழையில்லை அம்மா. வரமுதல் கொட்டாஞ்சேனை ஜாபிர் கடையில ரெண்டு புரியாணி சாப்பிட்டவராம். இரைப்பைக்குள்ள ஆட்டெலும்பு கிடந்தது."

"மாமிசம் தின்னியோ? கலியாணம் வேண்டாம்!" என்று சீறினார் தகப்பன் சிவக்கொழுந்து. "அதோட பொய்யும் சொல்லுறான். ஜாபிர் காக்கா புரியாணியில எலும்பு போடுற ஆளில்லையே!"

பாலேஸ்வரி அழுகையை நிறுத்திவிட்டுக் கணவரைப் பார்த்தாள்.

தையில் நடந்த கலியாணத்தில் மாமனார் தலை நிமிரவேயில்லை.